பஸ் நிற்கும் இடத்தில்தான் கடை: தருமபுரி கடைவீதியும் நகராட்சிக் கணக்கும்

தருமபுரி டவுனில் கடை வாடகை பேசும்போது சதுர அடிக்கு முன்னால் வரும் கேள்வி, பஸ் ஸ்டாண்டிலிருந்து எத்தனை எட்டு நடக்கணும் என்பதுதான். டவுன் பஸ் ஸ்டாண்டும் வெளியூர் பஸ் ஸ்டாண்டும் ஊர் நடுவில் அடுத்தடுத்து இருக்கின்றன. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், நல்லம்பள்ளி பக்கமிருந்து வருகிறவர் இறங்கிய இடத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் துணி, நகை, பாத்திரம், மருந்து எல்லாவற்றையும் வாங்கி முடித்து அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். சின்னசாமி நாயுடு தெரு, ஆறுமுக ஆச்சாரி தெரு என்று கடைவீதி முழுக்க இந்தப் பத்து நிமிட நடையை நம்பித்தான் இருக்கிறது.

ஆகவே பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே போகிறது என்ற பேச்சு எழுந்தாலே கடைவீதிக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஏ.ரெட்டிஹள்ளியில் புதிய பஸ் ஸ்டாண்டு என்ற திட்டம் பல ஆண்டாக அடிபடுகிறது. டவுனுக்குள் நெரிசல் தாங்க முடியவில்லை என்பது ஒரு பக்கத்து நியாயம். பஸ் போனால் கடையும் போகும் என்பது இன்னொரு பக்கத்து நியாயம். இரண்டும் உண்மை. ஆனால் இந்தச் சண்டையில் பலருக்கும் பிடிபடாத ஒன்று, முடிவெடுக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அதற்கான பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது. அது பிடிபட்டால் கடை வாடகை, சொத்து வரி, சாக்கடை, சாலையோரக் கடை எல்லாமே ஒரே கயிற்றில் கோத்தவை என்று தெரியும்.

முதலில் ஊரின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பதிவு அலுவலகம் என்று வேலையாக வந்தவர்கள் கடைவீதியையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனார்கள். 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் போனபோது ஓசூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி ஆட்களுக்குத் தருமபுரி வர வேண்டிய காரணம் அறுந்தது. பழைய தேசிய நெடுஞ்சாலை 7, இன்றைய 44, ஊரை ஒதுக்கிக்கொண்டு பைபாஸாகப் போகிறது. சேலம் சுமார் 65 கிலோமீட்டர். கல்யாணப் பட்டும் நகையும் எடுக்கக் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ஆக, கையில் கார் இருக்கிறவன் ஏற்கெனவே போய்விட்டான். மிச்சமிருக்கும் வாடிக்கையாளர் பஸ்ஸில் வருகிறவர். ஆன்லைன் வியாபாரம் வந்து எல்லாம் கெட்டது என்பது பாதி உண்மைதான். செல்போனும் ஷூவும் அப்படிப் போயின, சரி. விதைப் பாக்கெட், தாலிச் சரடு, எவர்சில்வர் அண்டா, அரிசி மூட்டை இவையெல்லாம் இன்னும் பெரும்பாலும் பஸ்ஸில் வந்து வாங்கிப் போகிற சரக்குகள்.

பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று யார் சொல்வது?

நகராட்சி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இடமும் கட்டடமும் நகராட்சியுடையவை, உண்மை. ஆனால் பஸ் எந்த இடத்தில் நின்று ஆள் ஏற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவில் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்போடு கலந்தாலோசித்து மாநில அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அலுவலரோ நிர்ணயிக்கலாம் என்பது அதன் சாரம். கலந்தாலோசிப்பது என்றால் ஒப்புதல் பெறுவது என்று பொருள் கிடையாது. நடைமுறையில் கலெக்டர் அலுவலகமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் நடையைப் பார்த்து மாற்றிக்கொள்ளும். எந்தத் தெரு ஒருவழி, எங்கே தடுப்பு என்பதைப் போலீஸ் பார்க்கும். ஊருக்குள் ஓடும் பெரிய ரோடுகளில் பல நெடுஞ்சாலைத் துறையின் கையில். கடைக்காரர் மனு எடுத்துக்கொண்டு போகும் வார்டு கவுன்சிலரிடம் இந்த அதிகாரங்களில் ஒன்றும் கிடையாது. மன்றக் கூட்டத்தில் தீர்மானம் போடலாம், பேசலாம், வெளிநடப்புச் செய்யலாம். அதோடு சரி.

புதிய பஸ் ஸ்டாண்டைத் தனியார் பங்களிப்போடு கட்டுவது என்றால் இன்னொரு முடிச்சு சேர்கிறது. கட்டிக் கொடுப்பவர் போட்ட முதலை எடுக்க, அங்கே வரும் கடை வாடகை, பஸ் நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம் எல்லாவற்றையும் ஒப்பந்தக் காலம் முழுக்க அவரே வசூலிப்பது வழக்கம். நகராட்சிக்கு ஒரு பங்கு அல்லது ஆண்டுத் தொகை வரும். பழைய பஸ் ஸ்டாண்டில் இந்த வரவெல்லாம் நேராக நகராட்சிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தவை. எனவே வணிகர்கள் கேட்க வேண்டிய முதல் காகிதம் வரைபடம் இல்லை. ஒப்பந்தக் காலம் எத்தனை வருஷம், பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் வராது என்று அதில் ஏதாவது உறுதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்கிற பக்கம்தான். அப்படி ஒரு வரி இருந்துவிட்டால் பிறகு எந்த மந்திரி வந்து சொன்னாலும் டவுனுக்குள் வெளியூர் பஸ்ஸைத் திருப்புவது சிரமம்.

பஸ் போனால் எல்லாக் கடையும் ஒரே மாதிரி அடி வாங்குவதில்லை. இதை வணிகர் சங்கங்களே சரியாகப் பிரித்துப் பேசுவதில்லை. சேலத்திலிருந்து இறங்கி அரூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் டவுனுக்கு வந்த ஆள் கிடையாது, வழிப்போக்கர். அவர் வாங்குவது டீ, பன், தண்ணீர் பாட்டில், பழம், பூ, போனுக்குச் சார்ஜர். வெளியூர் பஸ் ஸ்டாண்டு மாறினால் இந்தக் கடைகள் மறுநாளே படுத்துவிடும். ஜவுளியும் பாத்திரமும் மளிகையும் நம்பியிருப்பது டவுன் பஸ்ஸை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு இது இன்னும் தெளிவானது. டிக்கெட் காசு இல்லை என்பதால் மாதம் ஒரு தரம் மொத்தமாக வாங்கியவர் வாரம் ஒரு தரம் கொஞ்சமாக வாங்க வர முடிகிறது. டவுன் பஸ் பழைய இடத்திலேயே நின்றால் கடைவீதி பிழைத்துக்கொள்ளும். டவுன் பஸ்ஸையும் சேர்த்து வெளியே கொண்டு போய், அங்கிருந்து இணைப்புப் பஸ் விடுகிறோம் என்றால்தான் ஆபத்து. இரண்டு பஸ் மாறி, இரண்டு தரம் காத்திருந்து, பையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குப் பதில் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ கிடைத்ததை வாங்கிக்கொள்வார்கள்.

கிருஷ்ணகிரியைப் பார்த்தால் இது புரியும். அங்கே பழைய பஸ் ஸ்டாண்டு, புதிய பஸ் ஸ்டாண்டு என்று இரண்டு உண்டு. சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை என்று நாலா பக்கத்து நெடுஞ்சாலைகளும் கூடும் ஊர் அது. ஆனால் அந்த ரோடுகளில் போகும் வண்டிகளில் எத்தனை ஊருக்குள் திரும்புகின்றன? பைபாஸிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போகும் பஸ்கள் மேல் புகார் இல்லாத நாள் இல்லை. நாலு நெடுஞ்சாலை கூடுவதால் ரவுண்டானா பக்கம் ஓட்டல் நடக்கும். ஊருக்குள் இருக்கும் பழையபேட்டைக் கடைக்கு அதனால் பைசா வராது. பழையபேட்டையை நிறுத்தி வைத்திருப்பது புளியும் சுற்று வட்டாரக் கிராமத்து வாடிக்கையும்.

நகராட்சிக் கடையின் வாடகைக் கணக்கு

பஸ் ஸ்டாண்டு வளாகம், மார்க்கெட் வளாகம் என்று நகராட்சிக்குச் சொந்தமான கடைகளை எடுத்து நடத்துகிறவர்களின் பாடு தனி. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

2007 ஜூலையில் வந்த அரசாணை எண் 92-ன்படி ஏற்பாடு இப்படி இருந்தது. ஏலத்தில் எடுத்தவருக்கு மூன்று வருஷக் குத்தகை. மூன்று வருஷம் முடிந்ததும் வாடகையில் 15 சதவீதம் கூட்டிப் புதுப்பிப்பு. இப்படி ஒன்பது வருஷம் வரை போகலாம். ஒன்பது முடிந்தால் சந்தை மதிப்பு அல்லது மறு ஏலம். காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை, மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் வருஷம் 9,200. ஏழாம் வருஷம் 10,580. ஒன்பது வருஷம் முடிகிறபோது பக்கத்துத் தனியார் கடைக்கு 25,000 போகிறது என்றால் நகராட்சி அதைச் சந்தை மதிப்பாக எடுக்கும். ஒரே நாளில் 10,580 இருபத்தைந்தாயிரமாகிறது. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 4,500. ஆக 29,500. கடையில் விற்கும் வாழைப்பழத்தின் விலை ஒன்பது வருஷத்தில் மூன்று மடங்கு ஆகியிருக்காது.

அந்த ஜி.எஸ்.டி.யும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வாடகைதாரர் என்றால் உள்ளாட்சி வாடகைக்கான வரியை அவரே நேரடியாகக் கட்டி, பிறகு தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறையில், இருப்பவர் கட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. பதிவே இல்லாத சின்னக் கடைக்காரருக்கு நகராட்சியே வாடகையோடு சேர்த்துப் பில் போடும், அதுவும் கழியாது. சரக்கு விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்பதால் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் பூக்கடை, பழக்கடை, பங்க் கடைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகை. இருப்பதிலேயே சின்ன வியாபாரிக்குத்தான் 18 சதவீதம் முழுசாகப் பாரமாகிறது.

ஏலத்தில் நடக்கும் கூத்து வேறு. பதினெட்டாயிரம் தாங்கக்கூடிய கடையை, பழைய ஆளை வெளியேற்றும் வீம்பில் ஒருவர் முப்பதாயிரத்துக்கு ஏற்றிவிடுவார். ஆறு மாதத்தில் பாக்கி. பிறகு நோட்டீஸ், பிறகு சீல். இல்லையென்றால் எடுத்தவர் ஒருவர், நடத்துகிறவர் இன்னொருவர். நகராட்சிக்கு எட்டாயிரம், உள்வாடகை இருபதாயிரம். நடுவில் இருக்கும் பன்னிரண்டாயிரம் எங்கே போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாடகையைக் கூட்டக் கூடாது என்று மன்றத்தில் உரக்கப் பேசுகிறவர்களில் சிலர் இந்த நடுப்பணத்துக்காகப் பேசுகிறார்கள் என்ற சந்தேகம் எல்லா நகராட்சியிலும் உண்டு. அதனால் உண்மையாகவே தாங்க முடியாதவரின் குரலும் சேர்ந்து அடிபடுகிறது. உள்வாடகை எடுத்தவருக்குச் சட்டப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை. பாக்கிக்காகச் சீல் விழும்போது உள்ளே இருப்பது அவர் சரக்கு.

சீல் வைக்கும் வேகம் ஜனவரி முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் கூடும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால் வசூல் சதவீதத்தைக் காட்டியாக வேண்டும். கடைக்காரர் தீபாவளியில் கையில் காசு இருக்கும்போது பாக்கியில் பாதியைக் கட்டி ரசீது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மார்ச்சில் தவணை கேட்டால் பேச்சு எடுபடாது.

புதிதாகக் கடை ஏலம் எடுக்கப் போகிறவர் பார்க்க வேண்டியவை சில. அந்தக் கடை எண்ணுக்குப் பழைய பாக்கி இருக்கிறதா, அது யார் தலையில் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். கரண்ட் இணைப்பு யார் பேரில், அதில் பாக்கி உண்டா என்று பார்க்க வேண்டும். டெண்டரில் போட்டிருக்கும் அளவை டேப் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். தூண், மாடிப்படி கழித்தால் 120 சதுர அடி 95 ஆகிவிடும். டெபாசிட் எத்தனை மாத வாடகை, வெளியேறும்போது எத்தனை நாளில் திரும்ப வரும் என்பது நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், பஸ் ஸ்டாண்டு இடம் மாறினால் வாடகை குறையும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறதா? இருக்காது. மனுவில் கேட்டுப் பதில் வாங்கி வைத்தால் பிறகு கோர்ட்டில் அந்தக் காகிதம் பேசும்.

வரி ஏறிய விதம்

தனியார் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவரும் தப்பவில்லை. சொத்து வரி கட்டட உரிமையாளர் பேரில் வந்தாலும், ஏறியது அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையாகக் கடைக்காரரிடம் இறங்கிவிடும்.

தேதிகளை வரிசையாக வைத்தாலே அரசியல் தெரியும். 2018 ஜூலையில் மாநிலம் முழுக்கச் சொத்து வரி ஏறியது. எதிர்ப்பு வந்தது, உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த 2019 நவம்பரில் உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. நகர்ப்புறத் தேர்தல் கடைசியில் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. 2016 அக்டோபரில் முந்தைய மன்றத்தின் காலம் முடிந்ததிலிருந்து அதுவரை ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர்கள் இல்லை, மன்றத்தின் இடத்தில் அரசு வைத்த தனி அலுவலர்தான். மார்ச் 2-ல் புதிய கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் 1-ல் புதிய வரி உயர்வு அறிவிப்பு வந்தது. நாற்காலி சூடாகக்கூட இல்லை. வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கு அளவே பார்க்காமல் 100 சதவீதம். பதினைந்தாம் நிதி ஆணையத்தின் மானியம் வேண்டுமானால் சொத்து வரியை மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்த்து ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனை டெல்லியிலிருந்து. விகிதம் போட்டது சென்னை. தீர்மானம் நிறைவேற்றிக் கெட்ட பேர் வாங்கியது உள்ளூர் கவுன்சிலர்.

சிறு கடைக்கும் பெரிய ஷோரூமுக்கும் ஒரே 100 சதவீதம் என்பது இதில் பெரிய கோளாறு. வீட்டுக்கு இருந்த அளவுப் படிநிலையைக் கடைக்கும் வைத்திருந்தால் கடைவீதியில் 150 சதுர அடியில் பிழைக்கிறவருக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கும்.

கட்டுவதில் ஒரு சின்ன லாபம் உண்டு. அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கழிக்கப்படும். வாடகை ஒப்பந்தத்தில் வரி யார் கட்டுவது என்று எழுதும்போதே இந்தக் கழிவு யாருக்கு என்பதையும் எழுதிவிட்டால் நல்லது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஊராட்சி எல்லை. இலக்கியம்பட்டி மாதிரி நகராட்சியை ஒட்டிய ஊராட்சிகளில் வரி குறைவு, இடம் தாராளம், கார் நிறுத்தலாம். பெரிய கடைகள் அங்கே போவதில் ஆச்சரியம் இல்லை. டவுனுக்குள் இருப்பவர் நகராட்சி வரி கட்டிக்கொண்டு, வெளியே ஊராட்சி வரி கட்டுகிறவரோடு போட்டி போடுகிறார். எல்லையை விரித்து ஊராட்சியைச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று டவுன்காரர் சொல்வார். ஊராட்சி மக்களுக்கோ நகராட்சியானால் வரி ஏறும், நூறு நாள் வேலை போகும். அவர்கள் மறியல் செய்வதில் தப்பு சொல்ல முடியாது.

ஒரு படிக்கட்டின் கதை

ஆக்கிரமிப்பு அகற்றம் என்று ஜே.சி.பி. வந்து கடைவீதியில் படிக்கட்டை உடைக்கும்போது, கடைக்காரர் சாக்கடையை மூடிப் படி கட்டியதால் வந்த வினை என்று தோன்றும். அந்தப் படி எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

கடை கட்டியபோது தரை ரோட்டைவிட ஒரு முழம் உயரம். ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். ஒவ்வொரு தரமும் இரண்டு மூன்று அங்குலம் ஏறியது. நாலைந்து தரம் போட்டதும் ரோடு கடைத் தரைக்கு வந்துவிட்டது. மழை வந்தால் தண்ணீர் உள்ளே. கடைக்காரர் தரையை உயர்த்தினார். உயர்த்தினால் ஏற ஒரு படி வேண்டும். படி நிற்க இடம் சாக்கடையின் மேல். மேலே கான்கிரீட் பலகை போட்டதும் தூர்வாரும் ஆளுக்குக் கம்பி விட வழியில்லை. மண், பிளாஸ்டிக் கப், கோழிக் கழிவு எல்லாம் சேர்ந்து இறுகியது. அடுத்த மழைக்குத் தண்ணீர் ரோட்டில். ரோடு கெட்டது. மறுபடி மேலேயே தார்.

2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். சரியான உத்தரவு. வேலை நடக்கும் இரவில் சுரண்டும் மிஷின் வந்ததா என்று பார்க்க வேண்டியது தெருக்காரர் வேலை. மிஷின் வராமல் தார் லாரி மட்டும் வந்தால் அன்றைக்கே படம் எடுத்துக் கமிஷனருக்கும், ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதானால் அதன் உதவிக் கோட்டப் பொறியாளருக்கும் அனுப்ப வேண்டும். தார் ஆறிவிட்டால் பேச்சு முடிந்தது.

ரோடு யாருடையது என்பது ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும்போதும் முக்கியம். நெடுஞ்சாலைத் துறை என்றால் 2001-ம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 28-வது பிரிவில் நோட்டீஸ் வரும். புறம்போக்கு என்றால் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், தாசில்தார். நகராட்சித் தெரு என்றால் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் விதிகளும். எந்தச் சட்டத்தில் வந்தது என்று பார்க்காமல் எல்லோரும் கலெக்டர் மனுநாளுக்கு ஓடுவார்கள். நோட்டீஸ் கொடுத்தவருக்கு எழுத்தில் பதில் போய், நிலத்தை அளந்து காட்டச் சொல்லிக் கேட்டால் பல நேரம் ஒரு அடி ஒன்றரை அடி வித்தியாசத்தில் கடைச் சுவர் தப்பிக்கும். மேற்கூரைத் தகடும் போர்டும் தப்பிக்காது. அவற்றைத் தாங்களே கழற்றிவிடுவது மேல். ஜே.சி.பி. கழற்றினால் ஷட்டரும் சேர்ந்து நெளியும்.

நடைபாதைக் கடைகள் பற்றி வணிகர் சங்கங்கள் பேசுவதில் கொஞ்சம் இரட்டை நாக்கு உண்டு என்று சொல்லியாக வேண்டும். வாடகை கொடுக்காமல் எங்கள் முன்னால் நின்று வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்பார்கள். அவர்களிலேயே சிலர் தன் கடை முன்னால் இருக்கும் நகராட்சி இடத்துக்குத் தினவாடகை வாங்குவார்கள். 2014-ம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி முறையான கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். இந்தக் குழு சும்மா பேருக்கு இருக்கிற ஊரில்தான் திருவிழாவுக்கு முன் விரட்டுவதும், முடிந்ததும் திரும்ப வருவதும் நடக்கும். குழுவைக் கூட்டச் சொல்லிக் கடைக்காரர்களே கேட்பது அவர்களுக்கும் லாபம். எந்தத் தெருவில் எந்த நேரம் வண்டி நிற்கலாம், எங்கே கூடாது என்று வரையறுக்க வேறு சட்டப்படியான இடம் இல்லை.

ஓட்டு எங்கே இருக்கிறது

இவ்வளவு வரியும் வாடகையும் கடைவீதி கட்டுகிறது. ஆனாலும் மன்றத்தில் அதன் குரல் ஏன் எடுபடுவதில்லை? தருமபுரியில் 33 வார்டு. கடைவீதி இருக்கும் வார்டுகளில் வீடுகள் கடையாகவும் குடோனாகவும் மாறிக்கொண்டே வருகின்றன. கடைக்காரர் ஓட்டு அவர் குடியிருக்கும் இடத்தில். பாரதிபுரத்திலோ, ஊராட்சிப் பக்கமோ. கடை இருக்கும் வார்டின் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டது அங்கே மிச்சமிருக்கும் குடும்பங்கள். அவர்களுக்கு வேண்டியது குடிதண்ணீர், தெருவிளக்கு, கழிவுநீர். சரக்கு லாரி இரவில் தெருவில் நிற்கக் கூடாது என்றுகூட அவர்கள் கேட்பார்கள். கவுன்சிலர் யார் பக்கம் சாய்வார்?

சேர்மன் தேர்தல் முறையும் ஒரு காரணம். 1996, 2001, 2011-ல் சேர்மனை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தலில் நிற்பவர் ஊர் முழுக்க ஓட்டுக் கேட்க வேண்டும். கடைவீதிக்கு வந்து பஸ் ஸ்டாண்டு பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் போக வேண்டும். கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும்போது 33-ல் 17 பேரைச் சேர்த்தால் போதும். மாநிலத்தில் ஆளும் கட்சியும் மன்றத்தின் பெரும்பான்மையும் ஒன்றானால் சென்னையிலிருந்து வரும் உத்தரவை எதிர்த்துத் தீர்மானம் வராது. வேறானால் தீர்மானம் வரும், நிதி வராது. கடையடைப்பு ஒன்றுதான் வணிகருக்குத் தெரிந்த ஆயுதம். ஒரு நாள் அடைத்தால் செய்தித்தாளில் வரும். பஸ்ஸில் வந்த ஆள் வெறுங்கையோடு திரும்பிப் போவார், அது மட்டும்தான் மிச்சம்.

அதைவிடப் பலன் தரும் வேலை ஒன்று இருக்கிறது, சத்தமில்லாதது. ஒரு வாரம், காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை, டவுன் பஸ் ஸ்டாண்டில் எந்தத் தடத்தில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ண வேண்டும். திங்கள் வேறு, ஞாயிறு வேறு, முகூர்த்த நாள் வேறு என்பதால் ஒரு நாள் எண்ணிப் பயனில்லை. கடைகளில் பில் போடும் நேரத்தை அதோடு சேர்த்துப் பார்த்தால் எந்தத் தடத்துப் பஸ் எந்தக் கடையைப் பிழைக்க வைக்கிறது என்று தெரிந்துவிடும். பத்துப் பசங்களுக்கு ஒரு வாரக் கூலியும் டீச் செலவும்தான் ஆகும். பஸ் ஸ்டாண்டை மாற்றாதே என்று ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனுவைவிட, இந்த எட்டுத் தடத்து டவுன் பஸ் மட்டும் பழைய இடத்துக்குள் வந்து போகட்டும், மற்றவை போகட்டும் என்று எண்ணிக்கையோடு நீட்டும் ஒரு பக்கத் தாளுக்குக் கலெக்டர் ஆபீஸில் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். அந்தத் தாளின் நகல் கமிஷனருக்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு, டிராஃபிக் இன்ஸ்பெக்டருக்கு. நாலு பேரிடமும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். கவுன்சிலரிடம் கொடுப்பதானால் மன்றக் கூட்டத்தின் அஜெண்டா அச்சாவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். அஜெண்டாவில் ஏறாதது கூட்டத்தில் பேச்சாகும், தீர்மானமாகாது. இப்போதிருக்கும் மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தல் தள்ளிப்போனால் மறுபடி தனி அலுவலர். அப்போது அஜெண்டாவும் இருக்காது.